கையுறை உத்தரவு

ஒரு அலறல். அடுத்த நொடி டர்னர் பிரிவில் இரும்பு கடையும் அத்தனை லேத்துகளும் நின்றன.

அவள் பேனாவை மூடாமலே ஓடினாள்.

அந்த ஐ.டி.ஐ.க்கு முதல்வராக வந்து நான்கு மாதம். அவளுடைய அறையிலிருந்து பணிமனைக்கு நூறடிதான். அந்த நூறடியை அவள் ஐந்தாறு முறைகூட நடந்ததில்லை.

கூட்டம் விலகியது.

மூன்றாவது லேத்துக்கு அடியில் கோமதிநாயகம் கிடந்தான். முதலாண்டு. சேர்ந்து மூன்று வாரம்.

மேலே, லேத்தின் சக்கில், இரும்பைக் கவ்விச் சுழலும் அந்தத் தலையில், துணிக் கையுறை கயிறாக முறுக்கிக் கிடந்தது.

அது காலியாக இல்லை.

சவரிராயன் பையனின் மணிக்கட்டுக்கு மேலே துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். விரல் நடுங்கவில்லை. இருபத்தாறு வருடமாக இந்தப் பிரிவின் பயிற்றுநர். அவள் வரும்வரை பொறுப்பு முதல்வரும் அவர்தான். தேர்வெழுதி, எம்.பி.ஏ. சான்றிதழோடு அவள் வந்து நின்ற அன்று, நாற்காலியைத் துடைத்துவிட்டு எழுந்துபோனவர்.

அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் மறுப்பு. மணியடிக்கும் நேரத்தைக் கால் மணி மாற்றினாள். நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். லேத்துக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று மேடம் சொல்லிவிட்டால் மற்றதையும் கேட்டுக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் ஒருநாள் சொன்னார். மற்ற பயிற்றுநர்கள் டீ தம்ளருக்குள் சிரித்தார்கள்.

ஒரே ஒரு உத்தரவுக்குத்தான் மறுப்பு வரவில்லை.

பாதுகாப்பு வாரத்துக்காக, போன மாதம் அவள் யோசித்து யோசித்துப் போட்ட சுற்றறிக்கை. எல்லாப் பிரிவிலும், எந்த வேலையிலும், கையுறை கட்டாயம்.

சவரிராயன் முதல் ஆளாக 'பார்த்தேன்' என்று எழுதி அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஒருவழியாக என்னை ஏற்றுக்கொண்டார்கள் என்று அன்று அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

ஆம்புலன்ஸ் போனது.

இரண்டாமாண்டுப் பையன்கள் சுவரோரம் நின்றார்கள். எல்லாரும் வெறுங்கை. கையுறைகள் பின் பாக்கெட்டில் செருகியிருந்தன.

அவர்களுக்குப் பின்னால் சுவரில் ஒரு செவ்வகம் மட்டும் வெளுத்திருந்தது. நான்கு மூலையிலும் திருகாணித் துளை.

அதற்குக் கீழே, கருவி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, முகத்தைத் திருப்பிவைத்த ஒரு தகரப் பலகை.

இழுத்துத் திருப்பினாள். சிவப்பு எழுத்து.

'ஓடும் லேத்தில் கையுறை அணியாதே. வெறுங்கை பட்டால் காயம். கையுறை பட்டால் கையே போகும்.'

இரண்டு முறை படித்தாள்.

மூலையில் தண்ணீர்ச் சத்தம். சவரிராயன் குழாயடியில் நின்று நகக்கண் வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

இதை யார் கழற்றியது என்று கேட்டாள்.

அவர் குழாயை மூடினார். கையை உதறினார்.

"நான்தான் மேடம். உங்க உத்தரவுக்கு எதிரா ஒரு போர்டு அங்க தொங்கலாமா?"