பியோனிக் கிழங்கு

பியோனிக் கிழங்கு நட்டால் பூக்க மூன்று வருடமாகும். எட்மன்டனில் எங்கள் வீட்டு வளவுக்கு அதைத்தான் கேட்டேன். நாற்றுக்கடைச் செயலி மறுத்துவிட்டது. "இந்த வளவில் உங்களுக்கு இன்னும் ஒரு கோடைதான். ஒரே பருவத்தில் பூத்து முடியும் பெட்டூனியா போதும்."

எனக்கு ஏதோ நோயென்று இதற்கு எவன் சொன்னான்?

"நான் சாகப்போறனோ?" என்று மனைவி தர்மினியிடம் கேட்டேன்.

"சும்மா விசர்க்கதை கதைக்காதேங்கோ" என்றாள். ஆனால் தன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

அவள் குளிக்கப் போனதும் அதை எடுத்துப் பார்த்தேன். அதே செயலி அவளுக்கு மட்டும் பியோனி கொடுத்திருந்தது. மூன்று கிழங்குகள் செப்டம்பரில் வந்துசேருமாம். விலாசம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வின்னிபெக்கில், நான் கேள்விப்படாத ஒரு தெரு. அதில் அவள் பெயரோடு வேறொரு ஆணின் பெயர்.

கீழே செயலி அவளை வாழ்த்தியிருந்தது: "இந்த வளவில் உங்கள் இருவருக்கும் இருபது குளிர்காலம்."