பாவைக்குச் சேலை

லக்ஷனாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பாரிசில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவின் புது வீட்டில் இன்றைக்குக் குடிபூரல். பழைய வீட்டில் பக்கத்து வீட்டுக்காரராக இருந்த ஆலீஸ் மதாம் தன் பாவைவிளக்கைப் பரிசாகக் கொண்டுவருகிறார். பொன்முலாம் பூசிய பிரெஞ்சு வெண்கலம். இரண்டு கையிலும் மெழுகுதிரிக் கிளைகளை ஏந்தி நிற்கும், ஆடையில்லாத ஒரு பெண். சிநேகிதிகள் எல்லோருக்கும் லக்ஷனா முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டாள்.

அம்மா ஜெகதீஸ்வரி வரவேற்புப் பட்டுச் சால்வையோடு கீழே இறங்கிப் போனார். மேலே வர வெகுநேரம் பிடித்தது.

விளக்கு உள்ளே வந்ததும் வீடே சிரித்தது. மதாமுக்குக் கொண்டுபோன சால்வை பாவையைக் கழுத்துவரை சுற்றியிருந்தது. ஒரு கைதான் வெளியே தெரிந்தது.

"அண்ணி, லூவர் மியூசியச் சிலைகளுக்கும் ஒரு பெட்டி சேலை அனுப்புவமோ?" என்றார் கஜன் சித்தப்பா.

"அம்மா, கழட்டுங்கோ. வெக்கமாக் கிடக்கு."

"உடுப்பில்லாம நிக்கிறவளைச் சாமிப் படத்துக்கு முன்னால வைக்கேலாது" என்றார் அம்மா.

அம்மா அப்படித்தான். காலையில் பெரியப்பா ஞானசுந்தரம் கொண்டுவந்த கண்ணாடிக் கோப்பைகளில் ஒன்று வெடித்திருந்தது. நல்ல நாளில் பின்னப்பட்ட சாமான் படியேறக் கூடாது என்று முழுப் பெட்டியையும் வாசலோடு திருப்பிவிட்டார். பெரியப்பா இன்னும் மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஆலீஸ் மதாம் மட்டும் சிரிக்கவில்லை. அவமானப்பட்டுவிட்டார் என்று லக்ஷனாவுக்குப் பட்டது. கிட்டப் போய்ப் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சால்வையின் முடிச்சில் கை வைத்தாள்.

மதாம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு பிள்ளை. படியில் நான்தான் விழுத்திவிட்டேன். அவளுடைய ஒரு கை உடைந்துவிட்டது. திரும்பிப் போகத்தான் நின்றேன். உன் அம்மா விடவில்லை. தானே சுற்றிக் கட்டி, தானே தூக்கிவந்தார்."

லக்ஷனாவின் விரல் பட்டுக்குள்ளே தடவியது. தோளோடு முறிந்திருந்தது வெண்கலம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா தீப்பெட்டியை நீட்டிக்கொண்டு நின்றார்.

"நல்ல நேரம் போகுது பிள்ளை. முதல் விளக்கு மதாமின்ரைதான். கொளுத்து."