அந்தோனிமுத்துவின் முறைப்பாடு

"வெட்டமாட்டானாம்! கத்தியே வைக்கமாட்டானாம்! இவனெல்லாம் ஒரு டொக்டரே?"

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ நகருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று அந்தோனிமுத்து போட்ட சத்தத்தில், உள்ளே போய்க்கொண்டிருந்த இரண்டு டெனிஷ்காரர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாக் கதையுங்கோ அப்பா" என்றாள் மகள் மேனுஜா.

"ஏன் மெதுவா? முப்பது வருசமா இந்த நாட்டிலை உழைக்கிறன். கொம்மா இவையின்ரை வயசு போனதுகளைத் தூக்கித் தூக்கிக் குளிப்பாட்டினவ. இப்ப அவவுக்கு ஒரு கட்டி எண்டால் தொடவும் ஏலாதாம்!"

மனைவி விமலராணி காருக்குள் ஏறினாள். வலது தொடையின் உள்ளே தோடம்பழம் அளவில் ஒரு கட்டி. நோவு இல்லை. ஆனால் வளர்ந்துகொண்டே வந்தது. குடும்ப டொக்டர் அனுப்பி, ஸ்கானும் எடுத்தாயிற்று. படத்தைப் பார்த்த சத்திரசிகிச்சை டொக்டர், "இதில் நான் ஊசிகூடக் குத்தமாட்டேன். ஓகூஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன்" என்று கதையை முடித்துவிட்டார்.

காரிலும் அந்தோனிமுத்து ஓயவில்லை.

"எங்கடை தோலைப் பாத்துத்தான் தள்ளிவிடுறான். டெனிஷ்காரி எண்டால் அண்டைக்கே வெட்டியிருப்பான்."

எஸ்பியர்க் நகரில் இருக்கும் சிநேகிதன் ரொஷானுக்கு ஃபோன் போட்டார்.

"கொழும்புக்குக் கொண்டு போங்கோ அண்ணை" என்றான் ரொஷான். "காலமை படுத்தினால் பின்னேரம் எடுத்துப் போடுவாங்கள்."

"உடனை பிளேன் ரிக்கற் பார் தம்பி!"

மேனுஜா குறுக்கிட்டாள். "ஒருக்கா ஓகூஸுக்குப் போய்க் கேப்பம் அப்பா. பிறகு எங்கை வேணுமெண்டாலும் போங்கோ."

போனார்கள். அங்கே புதிதாகப் படம் எடுத்தார்கள், கட்டியில் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். முடிவு சொல்லும் நாளில், நரைத்த தலையுடன் ஒரு பெண் டொக்டர் கதிரையை விமலராணிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதற்குப் பெயர் சார்கோமா. தசை, கொழுப்பு, நரம்பு மாதிரி மென்மையான இடங்களில் வருகிற புற்றுநோய். மிகவும் அரிது. பல டொக்டர்மார் தங்கள் காலத்தில் ஒன்றிரண்டுதான் கண்டிருப்பார்கள்."

விமலராணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தோனிமுத்து மேசையில் அடித்தார். "புற்றுநோயைக் கண்டுகொண்டும் அந்த ஆள் வெட்டி எறியாமல் விட்டவர்! நான் முறைப்பாடு குடுக்கப் போறன்!"

"அவர் வெட்டாமல் விட்டது உங்கள் மனைவியின் அதிர்ஷ்டம்" என்றார் டொக்டர். "சும்மா கட்டி என்று நினைத்துத் தோண்டியிருந்தால், நோய் சுற்றியிருக்கிற தசையிலெல்லாம் சிந்தியிருக்கும். பிறகு காலையே எடுக்க வேண்டி வந்திருக்கலாம். இதை வெட்டிப் பழகியவர்கள் நாடு முழுவதிலும் இரண்டு இடத்தில்தான் இருக்கிறோம். அது தெரிந்துதான் எங்களிடம் அனுப்பினார்."

அந்தோனிமுத்துவுக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அப்ப எங்கடை குடும்ப டொக்டர்! அவன்தான் இழுத்தடிச்சவன்!"

"அவர் தொட்டுப் பார்த்த அன்றே அனுப்பியிருக்கிறாரே."

"ஆரோ ஒருத்தன் பிந்தியிருக்கிறான்! இவ்வளவு பெரிசா வளர விட்டது ஆர்? அதுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

"உண்மைதான். சின்னதாக இருந்தபோதே வந்திருந்தால் எல்லோருக்கும் சுகமாக இருந்திருக்கும்" என்றார் டொக்டர். "இனி முதலில் கதிர்ச் சிகிச்சை. பிறகு ஒபரேசன். நுரையீரலுக்குப் போகவில்லை. காலைக் காப்பாற்றலாம் என்றுதான் நம்புகிறேன்."

பிறகு விமலராணியின் பக்கம் குனிந்து கேட்டார்: "இதை நீங்கள் முதலில் எப்போது கண்டீர்கள்?"

விமலராணி நிலத்தைப் பார்த்தாள். வேலையிடத்தில் பழகிய டெனிஷில் மெதுவாகச் சொன்னாள்: "போன கோடை."

மேனுஜா கையை இழுத்துக்கொண்டாள்.

"போன கோடையோ? ஒரு வருசமா அம்மா? வேலையிலை ஆருக்கும் ஒரு சின்னப் புண் வந்தாலே நேர்ஸைக் கூப்பிடுற ஆள் நீங்கள்! உங்களுக்கு வந்தால் மட்டும் மூடி வைப்பீங்களோ?"

"பயமாக் கிடந்தது பிள்ளை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"அப்பாவுக்காவது சொல்லியிருக்கலாமே!" மேனுஜா தகப்பனைக் காட்டினாள். "அந்த மனுசன் தெரியாமல் ஊரையெல்லாம் ஏசிக்கொண்டு திரியுது!"

விமலராணி சிரிக்கப் பார்த்தாள்.

"உன்ரை அப்பாவுக்குச் சொல்லியிருந்தால் அண்டைக்கே என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்."

"கேட்டீங்களே அப்பா, அம்மா செய்த வேலையை?"

அந்தோனிமுத்து எழுந்து கார்ச் சாவியைத் தேடினார்.

போன கோடையில், விமலராணி அவருடைய கையைப் பிடித்துத் தன் தொடையில் அந்தக் கட்டியின் மேல் வைத்துக் காட்டியபோது, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்: "உது வெறும் கொழுப்பு. உதுக்கெல்லாம் டொக்டரிட்டை ஓடிப்போய் மானத்தை வாங்காதை."