நடுக்கடலில் ஒரு சுற்று

முதலில் வந்துகொண்டிருந்த படகு, நடுக்கடலில் ஒரு காரணமும் இல்லாமல் ஒரு முழு வட்டம் அடித்தது. அதற்குள் பின்னால் வந்த மூன்று படகுகள் தாண்டிப் போய்விட்டன.

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கும் தணிகாசலம், அந்தப் பந்தய வீடியோவைப் போனில் திரும்பத் திரும்பப் பார்த்து வயிறெரிந்தார். எரியாதா பின்னே? அந்தப் படகில் காற்று பிடிக்கும் பாய் அவர் வாங்கிக் கொடுத்தது. கடைப் பெயரும் ‘அசல் ஜரிகை’ என்ற வார்த்தையும் அதில் ஆளுயரத்துக்கு இருந்தன.

தெருவே சிரித்தது. ஓட்டின பொண்ணுக்குத் தலை சுற்றியிருக்கும் என்றது பக்கத்துக் கடை. கடலைக் கோயில் என்று நினைத்துப் படகு பிராகாரம் சுற்றிவிட்டது என்றது எதிர்க்கடை.

அந்தப் பொண்ணு நௌஷீன் மத்தியானம் கடைக்கு வந்தாள். சைக்கிள் கடை நசீருதீனின் மகள். சென்னைக்குப் படிக்கப் போன இடத்தில் படகு பழகியவள். அடியில் கனமான இரும்பு வைத்த சின்னப் பந்தயப் படகு அது. எவ்வளவு காற்றடித்தாலும் சாயுமே தவிர, லேசில் கவிழாது. ஆனால் அன்றைய காற்றில் பாய் கிழிந்துவிட்டது. அடுத்த மாதம் மும்பையில் போட்டி. புதுப் பாய் இல்லாமல் போக முடியாது. தணிகாசலத்தை விட்டால் வாங்கித் தர வேறு ஆளும் கிடையாது.

கடையில் ஒரே ஒரு வியாபாரம்தான் நடந்துகொண்டிருந்தது. மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கத் திருப்புட்குழியிலிருந்து வந்த பூவம்மாள், காலையிலிருந்து கடையையே புரட்டிப் போட்டிருந்தாள். அசல் ஜரிகைதானே என்று கேட்டுக் கேட்டு, தணிகாசலம் அம்மன்மேல் சத்தியம் செய்த பிறகுதான், அரக்கு நிறப் புடவை ஒன்று அவள் மடிக்கு வந்திருந்தது.

தணிகாசலம் நல்ல மனுஷர்தான். நௌஷீனுக்கு அவரே வழி எடுத்துக் கொடுத்தார்.

“காத்துதானம்மா படகை சுத்திவுட்டுச்சு? ஆமான்னு சொல்லு. நான் எல்லாருக்கும் சொல்லிக்கிறேன். பாயும் வாங்கித் தரேன்.”

ஒரு ‘ஆமாம்’ போதும்.

“இல்ல அங்கிள். நான்தான் சுத்தினேன்.”

திருப்பத்தில் கடலில் ஒரு மிதவை போட்டிருப்பார்களாம். அதைத் தொடாமல் திரும்ப வேண்டும். காற்று தள்ளியதில் படகின் பின்பக்கம் லேசாக உரசிவிட்டது. உரசினால், ஓட்டுகிறவரே தனக்குத் தண்டனையாக ஒரு வட்டம் அடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அதுதான் சட்டம் என்றாள்.

“அம்பயர் பாத்துட்டாரா?”

“கூடவே அம்பயர்லாம் வர மாட்டாங்க அங்கிள்.”

“பின்னாடி வந்தவங்க?”

“அந்த அலையில தெரிஞ்சிருக்காது.”

“உன்கூட இருந்த பொண்ணுங்க?”

“கயித்த இழுத்துக்கினு இருந்தாங்க. அவங்களுக்கும் தெரியாது.”

தணிகாசலத்துக்குப் பொறுக்கவில்லை.

“ஒருத்தரும் பாக்கல. அப்புறம் எதுக்கும்மா சுத்தின? யாரும் பாக்கலன்னா, நடக்கவே இல்லன்னு போய்க்கினே இருக்கணும். இத்தினி வருஷமா கடை நடத்தறேனே, எனக்குத் தெரியாதா?”

பாய் கிடையாது என்று ஆகிவிட்டது. நௌஷீன், வரேன் அங்கிள் என்று சொல்லிவிட்டு வாசலில் செருப்பை மாட்டினாள்.

தணிகாசலம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பை வரவழைத்து, பில் போட்டுவிடலாமா என்று பூவம்மாளைக் கேட்டார்.

பூவம்மாள் மடியிலிருந்த புடவையை எடுத்து, மடிப்புக் கலையாமல் அவர் முன்னால் வைத்தாள்.

“வேணாண்ணே. இந்த ஜரிகைக்குள்ள என்னா இருக்குதுன்னும் யாரும் பாக்கலியே.”