ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது

எட்டு மாதச் சிகிச்சை முடிந்து, தலையில் துணி கட்டியபடி வேலைக்குத் திரும்பிய ஜெசிந்தா, தான் எழுதி வளர்த்த மருத்துவமனைச் செயலியின் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட் களஞ்சியத்தைத் திறந்தாள். 'அப்படி எதுவும் இல்லை' என்றது திரை. மூன்று முறை முயன்றும் அதே பதில்.

"செம்பியா, என்னைக் குழுவுலருந்து எடுத்துட்டீங்களாடா?"

பக்கத்து இருக்கையிலிருந்து செம்பியன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அய்யோ அக்கா, உள்ள நுழைய புதுசா எடுத்த டோக்கன்ல இந்தக் களஞ்சியத்துக்கு நீங்க அனுமதியே கேக்கல. அனுமதி இல்லாதவங்ககிட்ட அது அப்படித்தான் புளுகும்."

சரிசெய்ததும் எல்லாம் அப்படியே இருந்தது. ஒரு சின்னத் திருத்தம் செய்து அனுப்பினாள். சோதனைகள் தாமாகவே ஓடி முடிந்தன. புதுப் பதிப்பின் வெளியீடு மட்டும் கடைசிப் படியில் நின்றது: 'ஜெசிந்தாவின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது.'

"இன்னும் என் பேரா? இத்தனை மாசம் என்ன பண்ணீங்க?"

"ஒவ்வொரு தடவையும் மேலாளர்கிட்டப் போய் நின்னு, தனியா அனுமதி வாங்குவோம். அவரும் திட்டிக்கிட்டே தருவாரு."

"பேரை மாத்த ஒரு நிமிஷம் ஆகுமா?"

"ஆகாதுதான்." அவன் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். "யாருக்கும் கை வரலக்கா. அவருக்கும்தான்."

ஆண்டவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லி, ஜெசிந்தா பச்சைப் பொத்தானுக்கு அம்புக்குறியை நகர்த்தினாள். அழுத்தினால் அந்த வரி மறைந்துவிடும். இன்னும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.