சும்மா இருந்தால் வெட்டு

"யோவ் மொட்டை, சம்பளத்தை எப்பய்யா ஏத்துவே?" என்றான் புரோகிராமர். எதிரே உட்கார்ந்திருந்த முதலாளி புன்னகையோடு தலையாட்டினார்.

பக்கத்தில் இருந்த டெஸ்டிங் செய்யும் பெண் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "ஐயோ, வாயை மூடுங்க சார்! அவருக்கு..."

"அட, பயப்படாதம்மா. அவர் காதுல இருக்கிறது நம்ம கம்பெனியில செஞ்ச காது கேக்குற கருவி. சும்மா இருக்கிற பாகத்துக்கு வோல்டேஜை வெட்டுன்னு அதோட கெர்னல்ல, அதான் கருவியை உள்ளேர்ந்து இயக்குற புரோகிராம்ல, கோடு எழுதினது நான்தான். 'மைக் வேலையில இருக்கு, வெட்டாதே'ன்னு ஒரு வரி சேர்க்க மறந்துட்டேன். மாட்டின கொஞ்ச நேரத்துல மைக் தூங்கிடும். ஒரு வாரமா மனுஷனுக்கு ஒண்ணும் கேக்கல. சொந்தச் சரக்காச்சே, வெளிய சொல்ல வெட்கம். பேட்டரி தீரவே மாட்டேங்குதுன்னு பெருமை வேற!"

"அந்த வரியை இன்னிக்குக் காலையில நான் சேர்த்துட்டேன் சார். அவர் கருவியிலயும் ஏத்தியாச்சு."

புரோகிராமர் மெல்ல முதலாளி பக்கம் திரும்பினான்.

முதலாளி மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

"ஒரு வரி எழுதாம ஒரு வாரம் சும்மா இருந்திருக்கே. சும்மா இருக்கிற பாகத்தை வெட்டணும்னு சொன்னே பாரு, அருமையான யோசனை தம்பி. உன்கிட்டேர்ந்தே ஆரம்பிச்சுடலாம்."