கால் துண்டு மாத்திரை

“‘அவனா எங்கிட்ட வந்தா நான் என்னக்கா பண்றது?’ன்னு நேத்து கேட்டியே, இப்பப் பாரு! உங்கிட்டயும் வர முடியாமச் சுத்துறான். மனசு குளுந்துச்சா?”

பெரியவள் போட்ட சத்தம் தெருவரை கேட்டது. அவள் ஓரகத்தி சின்னவள் தரையில் உட்கார்ந்து நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுண்டு, முயல் அளவே இருக்கும் அந்த நாய், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வட்டமடித்தது. தொப்பென்று விழுந்தது. எழுந்து மறுபடியும் அதே வட்டம். கண்மணி இரண்டும் இங்கும் அங்குமாகத் துடித்தன.

“ராத்திரி நல்லாத்தானே இருந்தான்...”

“உன் கட்டிலுக்கடியிலதானே கிடந்தான்? என்ன எழவைத் தின்னக் குடுத்தே?”

பெரியவளின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இருந்தது. கண் திறக்காத குட்டியாகக் கொண்டுவந்து, பஞ்சில் பால் நனைத்துப் புகட்டி வளர்த்தவள் அவள். கொழுந்தன் கல்யாணம் பண்ணிக்கொண்டு சின்னவளைக் கூட்டி வந்தான். சுண்டு ஒரே வாரத்தில் கட்சி மாறிவிட்டது. சின்னவள் வேலைக்குப் போனால் அவள் திரும்பும்வரை வாசலைப் பார்த்தபடி படுத்திருக்கும். பெரியவள் பிஸ்கெட்டை நீட்டினால் மரியாதைக்கு ஒரு முறை வாலை ஆட்டும். அவ்வளவுதான். எண்ணெய் தடவிக்கொண்டு புரண்டாலும் ஒட்டுகிறதுதானே ஒட்டும்!

டாக்டரிடம் போகும் ஆட்டோவில் பெரியவள் நாயைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது தள்ளாடித் தள்ளாடி, கழுத்தைச் சின்னவள் பக்கமே நீட்டியது.

“தலை சுத்துறப்பக்கூட விலாசம் மறக்கல பாரு” என்று முணுமுணுத்தாள்.

கால்நடை டாக்டரம்மா சுண்டுவின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். பாதத்தைப் புரட்டி மேசைமேல் வைத்து, அது தானாகத் திருப்பிக்கொள்கிறதா என்று கவனித்தார். திருப்பிக்கொள்ளவில்லை.

“காது சுத்தமா இருக்கு. எங்கயாவது விழுந்தானா?”

“இல்ல டாக்டர்” என்றாள் சின்னவள்.

“போன வாரம் வயித்துப்போக்குக்கு மாத்திரை குடுத்தேனே, எப்படிக் குடுத்தீங்க?”

“நீங்க சொன்ன மாதிரிதான். கால் துண்டு, ரொட்டியில ஒளிச்சு. காலையிலயும் ராத்திரியும்.”

“அந்த அளவுக்கு இப்படி ஆகாதே. அந்த மாத்திரை ரொம்பக் கூடிப்போனாத்தான் மூளையைப் பிடிக்கும். வேற யாராவது குடுத்தீங்களா?”

பெரியவள் குனிந்து தன் செருப்பு வாரைச் சரிசெய்தாள்.

ஏனென்றால், கொடுத்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் அவள் புருஷன், “சின்னவ கைராசிடீ, மூணே நாள்ல நாய் தேறிடுச்சு” என்று சொல்லித் தொலைத்தானே, அதற்கு மறுநாளிலிருந்து. மருந்துக்கடையில் அதே பெயரைச் சொல்லி, மனிதர்கள் போடுகிற மாத்திரையை வாங்கிவந்து, மதியத்தில், வீட்டில் யாருமில்லாத நேரத்தில், வெண்ணெய் தடவி. கால் துண்டெல்லாம் இல்லை. முழுசு. தன் கையாலும் தேறட்டுமே என்று.

“அது இல்லன்னா தலைக்குள்ள கட்டி இருக்கான்னு பார்க்கணும்” என்றார் டாக்டரம்மா. “மயக்கம் குடுத்துத்தான் ஸ்கேன் எடுக்கணும். வயசாயிடுச்சு. திரும்ப எழுந்திருப்பான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க.”

சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் இவள் முன்னாலா? ஆயுசுக்கும் மனசுக்குள் சிரிக்க மாட்டாளா? பெரியவள் சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தை இதுவரை பூனையையே பார்க்காதவள்போலப் பார்த்தாள். மாத்திரை அட்டை கிடந்த கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

சின்னவள் ஒரு முறை அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பையை.

“நான்தான் டாக்டர்” என்றாள். “சீக்கிரம் சரியாகட்டுமேன்னு... கூடவே குடுத்துட்டேன். நிறைய.”

“முதல்லயே சொல்றதுக்கென்ன? ஸ்கேன் வரைக்கும் போயிருப்போமே! நாய்க்குத்தான் வாய் இல்ல, உங்களுக்குமா இல்ல?”

அப்பாடா! பெரியவளுக்கு உயிர் வந்தது. இவளும் கொடுத்திருக்கிறாளா! அப்படியானால் எல்லாம் இவளால்தானே?

“நல்லாக் கேளுங்க டாக்டர்! காலேஜ் வரைக்கும் படிச்சவ, இந்த அறிவுகூட வேணாம்? ஒரு வாயில்லா ஜீவனை...”

“மாத்திரையை இன்னியோட நிறுத்துங்க. சில நாள்ல தெளிஞ்சிடுவான்” என்று டாக்டரம்மா ஊசி போட்டு, தலைசுற்றலுக்கு ஒரு சின்னச் சீசாவில் மருந்தும் கொடுத்தார்.

திரும்பும் வழியெல்லாம் பெரியவளின் வாய் ஓயவில்லை. “வரட்டும் உன் புருஷன், சொல்றேன். அன்பாம் அன்பு! விஷம் வெக்கிற அன்பு! நான் வளர்த்தப்ப ஒரு நாள் படுத்திருப்பானா?”

ஆட்டோக்காரர்கூட இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். சின்னவள் தலைகுனிந்தபடியே வந்தாள்.

வீட்டு வாசலில் இறங்கியதும், மருந்துச் சீசாவை எடுத்துப் பெரியவளின் கையில் வைத்து விரல்களை மூடினாள். ஆட்டோக்காரர் காதில் விழாதபடி மெல்லச் சொன்னாள்:

“நான் ஒரு நாளும் கால் துண்டுக்கு மேல குடுத்ததில்லக்கா. ரெண்டு பேர் குடுத்தா அவன் தாங்கமாட்டான். இனிமே நீங்க மட்டும் குடுங்க, என்ன?”